மாலை வெயிலும் நிழலும் – கடிதம்

அன்புள்ள சார்,

தஞ்சைப் பெரிய கோயிலை மாலை வெளிச்சத்தில் எடுக்கப் பலமுறை போய்விட்டேன். ராஜராஜன் வாயிலைத் தாண்டி நின்று எடுத்தால் விமானம் கறுத்துப்போகிறது, வானம் வெளுத்துப்போகிறது. எடிட்டிங்கில் ஷேடோஸை ஏற்றி (நிழல் பகுதிகளை வெளிச்சமாக்கி), ஆரஞ்சைக் கூட்டியும் அந்தத் தங்க நிறம் வரவில்லை. ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கலாமா? எந்த லென்ஸ், என்ன ஃபில்டர் போட வேண்டும்? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

கேமரா வாங்க வேண்டாம். ஃபில்டரும் வேண்டாம், இருக்கிற லென்ஸே தாராளம். கோயில் கிழக்கு பார்த்தது, சாயங்காலம் வாசல் பக்கம் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால்தான் இருப்பான். முகப்பு வேண்டுமென்றால் காலையில் போங்கள், மாலையில் பின்பக்கம் போங்கள். அவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. ஷேடோஸை ஏற்றினேன் என்கிறீர்களே, கொஞ்ச நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

இளவயதில் கல்வெட்டு படிக்கும் பெரியவர் ஒருவரோடு சுற்றியிருக்கிறேன். உச்சிவெயிலில் அவர் சுவர்ப்பக்கமே போகமாட்டார். "வெயில் சாயட்டும் தம்பி" என்று மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கே இறங்கும்போது, மதியமெல்லாம் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த தெற்கு அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடிப்பீடத்தில், எழுத்து எழும்பி வரும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், வெட்டின இடது விளிம்பில் மயிரிழை நிழல், வலது விளிம்பில் மயிரிழை வெளிச்சம். அந்த இரண்டும் இருந்தால்தான் கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லைப் படிக்க முடியும். நிழலை எடுத்துவிட்டால் அங்கே எழுத்தே இல்லை, கருங்கல்தான் இருக்கிறது.

சிற்பமும் அப்படித்தான். தட்சிணாமூர்த்தியின் முழங்கால் மடிப்பை, துவாரபாலகரின் விரலை நமக்குக் காட்டுவது பக்கவாட்டு வெயில் போடும் நிழல். அது தங்க நிறமாக இருப்பது கூடுதல் சந்தோஷம், அவ்வளவே. நீங்கள் ஷேடோஸை ஏற்றும்போது சிற்பி உளியால் தோண்டின பள்ளத்தைச் சிமென்ட் பூசி மூடுகிறீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். இப்போது போன்களும் கேட்காமலே நாலைந்து படங்களை ஒன்றாக்கி இருட்டையெல்லாம் வெளுக்கவைத்துத் தருகின்றன, அதைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு நிழல் என்றாலே குறை என்று தோன்றிவிட்டது. ஆயிரம் வருஷத்துக் கல்லை இப்படி மொழுமொழுவென்று ஆக்க எப்படி மனசு வருகிறது?

எந்தச் சுவருக்கு எந்த மாதம் என்று தெரிந்துகொள்ளுங்கள், அது லென்ஸைவிட முக்கியம். மார்கழியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி மறைகிறது, ஆகவே அப்போது சாயங்கால வெயில் தெற்குச் சுவரை உரசிக்கொண்டு போகும். ஆனி மாதம் அதே அளவு வடக்கே தள்ளி மறையும், அப்போது வடக்குச் சுவர். 'கோல்டன் அவர்' என்று, சூரியன் மறைவதற்கு முந்தைய பொன்வெயில் நேரத்தை வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பிச் சாவகாசமாகப் போகாதீர்கள். லண்டனில் மார்ச் மாதம் சூரியன் கடைசி 6 டிகிரி இறங்க 40 நிமிடம் ஆகும், சரிவாகப் போவதால். தஞ்சாவூரில் கிட்டத்தட்ட நேராக விழுகிறது, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் கோயிலைச் சுற்றியிருக்கும் திருச்சுற்று மாளிகையின் நிழல் முதலில் அதிட்டானத்தைத்தான் பிடிக்கும், அப்புறம் மெதுவாக மேலே ஏறும். கீழே எழுத்து வேண்டுமென்றால் நாலரைக்கே அங்கே இருக்க வேண்டும். கடைசி வெயில் விமானத்தின் உச்சிக்குத்தான்.

நீங்கள் அனுப்பினதில் நந்தி மண்டபத் தூண் படம் ஒன்று இருக்கிறதே, பாதித் தூண் இருட்டில், பாதி வெயிலில், அதை எடுத்தவருக்கு நல்ல கண். அதில் நீங்கள் எடிட்டிங்கே செய்யவில்லை என்று நினைக்கிறேன். சோம்பலில் விட்டீர்களோ, பிடித்துப்போய் விட்டீர்களோ, அதேபோல மற்றதையும் விடுங்கள்.

கேமராவில் வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் வைக்காமல் டேலைட்டில் வையுங்கள். வெயிலின் மஞ்சளைக் கேமராவே தின்றுவிட்டு, பிறகு நீங்கள் உட்கார்ந்து ஆரஞ்சு கலக்க வேண்டாம். வெயில் படும் கல் வெளுக்காதபடி எக்ஸ்போஷரைக் குறையுங்கள், மீதி கறுத்தால் கறுக்கட்டும். தை பிறந்ததும் ஒருநாள் தெற்குச் சுவருக்குப் போய் எடுத்து, கைவைக்காத கோப்பாக எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு நிச்சயம் எழுதுகிறேன்.