பின்சக்கரத்தின் திசையைக் காக்கும் தண்டு: லோட்டஸ் எலிஸ் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வசிக்கிறேன். டொயோட்டா எஞ்சின் பொருத்திய 2005ஆம் ஆண்டு லோட்டஸ் எலிஸ் (இருவர் அமரும் இலகுவான ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை அதன் உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கவிருக்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து முறை ஸ்னெட்டர்டன் பந்தயத் தடத்தில் ஓட்டவும் விருப்பம் உண்டு. "பின்பக்க டோ லிங்க் மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை" என்று விற்பவர் சொல்கிறார். அந்த உறுப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? அவர் சொல்லை அப்படியே ஏற்கலாமா?

பதில்: ஏற்க வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அன்று. "மாற்றியாயிற்று" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருப்பதால்தான் இவ்வாறு சொல்கிறேன்.

முதலில் அந்த உறுப்பின் வேலையைப் பார்ப்போம். எலிஸின் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு விஷ்போன்கள், அதாவது கவட்டை வடிவக் கைகள், தாங்குகின்றன. அவை சக்கரம் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளுமே தவிர, இடமோ வலமோ திரும்பாமல் தடுக்க இன்னொரு தண்டு தேவை. முன்சக்கரங்களில் அந்த வேலையை ஸ்டியரிங்கோடு இணைந்த தண்டு செய்கிறது. பின்சக்கரங்களில் செய்வது டோ லிங்க். மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கிறது என்ற அளவுக்கு 'டோ' என்று பெயர். அந்த அளவை நிலையாக வைத்திருப்பதால் தண்டுக்கும் அப்பெயர் வந்தது. வளைவில் வேகமாகச் செல்லும்போது இது முறிந்தால், பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருக்கும் வெளிப்புறப் பின்சக்கரம் தன் விருப்பப்படி திரும்பிவிடும். எலிஸின் சக்கர இடைவெளி 2,300 மில்லிமீட்டர்தான். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால் எடையில் 60 விழுக்காட்டுக்கும் அதிகம் பின்னச்சின் மேல் இருக்கிறது. அப்படிப்பட்ட காரில் பின்சக்கரம் கட்டுப்பாட்டை இழந்த பிறகு, எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் செய்யக்கூடியது அதிகமில்லை.

பெரும்பாலும் முறிவது தண்டு அன்று. அதன் உள்முனையில், பின்பக்க சப்ஃபிரேமோடு (சக்கர அமைப்பைத் தாங்கும் துணைச் சட்டத்தோடு) சேரும் இடத்தில் உள்ள பால் ஜாயிண்டின், அதாவது எப்பக்கமும் அசையும் குண்டு மூட்டின், முளைதான். தொழிற்சாலை அமைப்பில் அந்த முளை ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. சுவரில் அடித்த ஆணியில் பாரத்தைத் தொங்கவிட்டால் ஆணி சுவரை ஒட்டிய இடத்தில் வளைய முயல்வதைப் போல, சக்கரத்தின் பக்கவாட்டு விசை ஒவ்வொரு வளைவிலும் முளையை வளைக்கப் பார்க்கிறது. கிணற்று ராட்டினத்தின் அச்சு இருபுறமும் தாங்கப்பட்டிருப்பதால் எத்தனை குடம் இறைத்தாலும் வளைவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள், வேறுபாடு அதுதான். நட் உரிய விசையோடு முறுக்கப்பட்டிருக்கும் வரை இறுகப் பற்றிய பரப்புகளே பெரும்பகுதி விசையைத் தாங்கிக்கொள்கின்றன. நட் சற்றுத் தளர்ந்தாலும் அந்தப் பாரம் முளைக்கு மாறி, மரையின் அடிப்பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முளை இரண்டாகிறது. உலோகச் சோர்வின் இயல்பு இது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே நீர் புகுந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

சாலையில் மட்டும் ஓடும் எலிஸில் இது அரிது. காரின் எடை ஏறத்தாழ 860 கிலோதான் என்பதால் சாதாரண டயர்களோடு உறுப்புகளின் மீது வரும் பாரமும் குறைவு. தடத்துக்கென்றே செய்யப்பட்ட, சாலையிலும் ஓட்ட அனுமதியுள்ள பிடிமானம் மிகுந்த டயர்களை மாட்டி, தடத்தின் ஓரக் கற்களின் மேல் ஏற்றி இறக்கி ஓட்டும்போது கணக்கே மாறிவிடுகிறது. கார் ஒருமுறை சுழன்று சரளைக்குள் பக்கவாட்டில் பாய்ந்திருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், அன்றே அந்த முளையின் ஆயுளில் ஒரு பகுதி செலவாகியிருக்கும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். அதே தொழிற்சாலை உறுப்பைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தாலும் "மாற்றியாயிற்று" என்பார்கள். தடித்த தண்டும் கோள மூட்டுகளும் போட்டுவிட்டு, உள்முனையை முன்போலவே ஒரு பக்கம் மட்டும் பிடிக்க விட்டிருந்தாலும் அப்படியே சொல்வார்கள். பார்க்க வலுவாகத் தோன்றும் இந்த இரண்டாம் வகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, ஏனெனில் முறியும் இடம் அப்படியே இருக்க, முறியாது என்ற நம்பிக்கை மட்டும் கூடிவிடுகிறது. இடது, வலது உள்முனைகளை இணைக்கும் குறுக்குத் தாங்கி ஒன்றைச் சேர்த்து, போல்ட்டின் இரு பக்கமும் பிடிக்கப்படும்படி அமைப்பதே மூன்றாவது வகை. நீங்கள் தடத்தில் ஓட்டப்போவதால் இந்த மூன்றாவதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்பவரிடம் "மாற்றினீர்களா" என்று கேட்பதை விட்டு, "உள்முனை போல்ட் ஒரு பக்கம் பிடிக்கப்பட்டிருக்கிறதா, இரு பக்கமுமா" என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்கினால் காரை லிஃப்டில் ஏற்றி, அடித்தகட்டைக் கழற்றி, நீங்களே பாருங்கள்.

பில்லையும் கேளுங்கள், அதில் தேதி, ஓடிய மைல் கணக்கு, உறுப்பின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். அதோடு அதே வாரத்தில் செய்த வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்தல்) தாளையும் கேட்க மறக்காதீர்கள். டோ லிங்க்கைக் கழற்றி மாட்டினாலே பின்சக்கரக் கோணம் மாறிவிடும் என்பதால், அலைன்மென்ட் செய்யாமல் அந்த வேலை முடிந்திருக்க முடியாது. அந்தத் தாள் இல்லையென்றால், மாற்றவே இல்லை அல்லது அரைகுறையாக மாற்றினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கார் தொங்கும் நிலையில் பின்சக்கரத்தின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து மாறி மாறித் தள்ளி இழுங்கள். மிகச் சிறிய 'டக்' ஒலியோ ஆட்டமோ இருக்கக் கூடாது. ரப்பர் உறையில் கிழிசல், மூட்டைச் சுற்றிப் பழுப்பாக வழிந்த துருக்கறை, பின்டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பது, வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பகுதி துள்ளுவது ஆகிய அனைத்தும் விலையைக் குறைத்துப் பேசுவதற்கான காரணங்கள் மட்டுமல்ல, அந்த மூட்டுகளை மாற்றாமல் காரைத் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கான காரணங்களும் ஆகும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபுறம் தாங்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அதிலுள்ள கோள மூட்டுகள் பந்தயக் கார்களின் வழக்கத்திலிருந்து வந்தவை. குளிர்காலத்தில் உப்புத் தூவிய இங்கிலாந்துச் சாலைகளில் அவை விரைவில் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். ரப்பர் உறையோடு வரும் மூட்டுகளையே வாங்குங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகியால்) முறுக்கிய பிறகு நட்டின் மீதும் சப்ஃபிரேமின் மீதும் தொடரும்படி ஒரு வண்ணக் கோடு போட்டுவையுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் நட் நகர்ந்துவிட்டது என்பது படுத்துப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். தடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், முன்னும் பின்னும், இந்தப் பார்வை தேவை.

கேள்வி: சென்ற மாதம்தான் எம்.ஓ.டி. சோதனையில் (பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயமான பாதுகாப்புச் சோதனை) எந்தக் குறிப்பும் இல்லாமல் கார் தேறியது. அது போதாதா?

பதில்: போதாது. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அந்தச் சோதனையின் விதி. பின்பகுதியை மூடும் தகடு இருக்கும் காரில் உள்முனை மூட்டு அவர் கண்ணில் படாமலே போகலாம். பட்டாலும் முளைக்குள் இருக்கும் வெடிப்பு தெரியாது. ஆனால் பழைய சோதனை விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிவு எண்ணை வைத்து இலவசமாகப் பார்க்கலாம். பின்பக்க மூட்டுகளைப் பற்றிய எச்சரிக்கை முன்பு எப்போதாவது வந்து, அடுத்த ஆண்டில் மறைந்திருந்தால், இடையில் நடந்த பழுதுபார்ப்புக்கான பில் எங்கே என்று கேட்க அது நல்ல அடிப்படை.

கேள்வி: நான் தனிநபரிடம் வாங்கவில்லை, ஒரு விற்பனை நிலையத்தில் வாங்கினேன். இரண்டு மாதத்தில் பின்பக்க மூட்டில் ஆட்டம் தெரிந்தது. "தடத்தில் ஓட்டினீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் திருப்திகரமான தரத்தோடும், சொன்ன விவரத்துக்குப் பொருந்தியும் இருக்க வேண்டும். முதல் 30 நாட்களுக்குள் குறை தெரிந்தால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்தக் காலம் உங்களுக்குக் கடந்துவிட்டது. எனினும் 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை வாங்கிய நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவும் பொறுப்பு விற்றவருடையது. எனவே முதலில் பழுதுபார்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை பழுதுபார்த்தும் குறை தீராவிட்டால் விலைக் குறைப்போ, காரைத் திருப்புவதோ உங்கள் உரிமை. ஆனால் திருப்பும்போது நீங்கள் ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள அவர்களுக்கு இடமுண்டு.

தடத்தில் ஓட்டியதைப் பற்றிய அவர்கள் வாதம் வெறும் சாக்கு அன்று; உங்கள் பயன்பாடே தேய்மானத்துக்குக் காரணம் என்று அவர்கள் நிறுவினால் நிலைமை மாறும். மூட்டைக் கழற்றும் முன் சுயேச்சையான ஒரு எஞ்சினியரைக் கொண்டு படத்துடன் அறிக்கை பெறுங்கள். பழைய துரு இருந்தால் அது இரண்டு மாதத்தில் வந்ததன்று என்று அந்த அறிக்கையே சொல்லும். கழற்றிய உறுப்பைக் குப்பையில் போட விடாதீர்கள்.

இனி வாங்கப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தடத்தில் ஓட்டவே வாங்குகிறேன் என்று வணிகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நோக்கத்துக்குக் கார் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். ஆகவே அதை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தனிநபரிடம் வாங்குவோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. விற்பவர் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால் மட்டும், தவறான தகவல் தருவதைப் பற்றிய 1967ஆம் ஆண்டுச் சட்டம் துணை வரும். அதனால்தான் முதல் கேள்வியைக் கேட்டவரிடம், "டோ லிங்க் மாற்றியாயிற்று" என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும் சொல்கிறேன்.

கேள்வி: வாக்ஸ்ஹால் வி.எக்ஸ்.220 வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில்: இருக்கும். அது 2000 முதல் 2005 வரை ஹெதலிலுள்ள லோட்டஸ் தொழிற்சாலையிலேயே, எலிஸின் இரண்டாம் தலைமுறையோடு நெருங்கிய அலுமினியச் சட்டத்தின் மீது கட்டப்பட்டது. ஓபெல் ஸ்பீட்ஸ்டர் என்று ஐரோப்பாவில் விற்றதும் அதுவே. எஞ்சினும் உடலும் வேறு, பின்சக்கரத்தைப் பிடிக்கும் முறை ஒன்று.

கேள்வி: கேட்டர்ஹாம் 7 வைத்திருக்கிறேன். அதில் டோ லிங்க் கிடையாதே, நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கார் டி டியோன் வகைப் பின்னச்சு (இரு பின்சக்கரங்களையும் ஒரு குழாய் இணைக்கும் அமைப்பு) கொண்டதாக இருந்தால், அந்த அச்சுக் குழாய் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது 'ஏ' வடிவச் சட்டம், அதன் முனையிலுள்ள ஒற்றை ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் வளையம்)தான் நீங்கள் பார்க்க வேண்டியது. தடத்தில் ஓடும் கார்களில் அது விரைவில் நைந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் பின்னால் 'டொக்' என்று கேட்பதும், நேர்ச்சாலையிலேயே பின்பகுதி தனியே திரும்புவதுபோல் தோன்றுவதும் அதன் அறிகுறிகள். விலை மலிவான உறுப்பு. ஆண்டுதோறும் மாற்றினாலும் மிகையில்லை.

கேள்வி: தடத்தில் உறுப்பு முறிந்து கார் சுவரில் மோதினால் காப்பீடு கிடைக்குமா?

பதில்: சாதாரணச் சாலைக் காப்பீடுகளில் பெரும்பாலானவை தடத்தில் ஓட்டுவதை விலக்கியே வைத்திருக்கின்றன, அந்த ஒரு நாளுக்கென்று தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: உறுப்பு பழுதானதால் நேரும் மோதலுக்கு இழப்பீடு உண்டா என்பது ஒன்று, நீங்கள் முதலில் சுமக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பது மற்றொன்று. அந்தத் தொகை காரின் மதிப்பில் ஒரு விழுக்காடாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பவுண்டில் கணக்கிட்டுப் பாருங்கள். டோ லிங்க் அமைப்பை மாற்றியிருந்தால், அது காரைப் பாதுகாப்பாக்கும் மாற்றமே ஆனாலும், உங்கள் சாலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் காரின் மற்றப் பில்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.