முதியோர் இல்லத்துல ரோபோ பூனை, ரோபோ சீல் (கடல்நாய்) எல்லாம் கொடுக்குறாங்களே, நிஜமாவே பலன் இருக்கா?

இருக்கு, ஆனா எல்லாருக்கும் இல்ல, பெரும்பாலும் டிமென்ஷியா (வயசானவங்களுக்கு வர்ற ஞாபக மறதி நோய்) இருக்குறவங்களுக்குத்தான் செட் ஆகுது. ரொம்ப ஃபேமஸ் ஜப்பானோட பாரோ, குட்டி சீல் உருவம், 1993-ல ஷிபாட்டா தகனோரிங்கிற ஜப்பான் இன்ஜினியர் ஆரம்பிச்ச ஆராய்ச்சி, 2009-ல அமெரிக்காவுல மெடிக்கல் டிவைஸா அனுமதியும் வாங்கிடுச்சு. ஏன் சீல்னா, பூனைன்னா "நிஜ பூனை இப்படியா பண்ணும்"னு உடனே கண்டுபிடிச்சிடுவோம், சீலை யாரு மடியில வச்சு கொஞ்சியிருக்கா! ரோமத்துக்கு அடியில சென்சார் இருக்கு, தடவுனா கண்ணை மூடி முனகும், பேர் வச்சு கூப்பிட்டுப் பழக்குனா திரும்பிப் பார்க்கும், சார்ஜரைக்கூட குழந்தை சப்புற நிப்பிள் மாதிரி வாயிலதான் சொருகணும் (யாருக்கு வந்த ஐடியாவோ). பதட்டமா இருக்குறவங்க சிலர் இதை மடியில வச்சா கொஞ்சம் அடங்கி உக்காருறாங்க, அதை சாக்கா வச்சு பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேச்சும் ஆரம்பிக்குது, எனக்கு இதுதான் பெரிய பலனாத் தோணுது. அதுக்காக ஆளுங்க வந்து பேசுறதைக் குறைச்சா அது அநியாயம். "என்னை என்ன குழந்தைன்னு நெனச்சியா"ன்னு கோவப்படுறவங்களை வற்புறுத்தவே கூடாது. கை மாறும்போது துடைச்சே ஆகணும், தொற்று பரவும். உயிருள்ளதுன்னே நம்புறவங்க, சார்ஜ் தீர்ந்து அசையாம கிடந்தா செத்துப்போச்சுன்னு பதறிடுவாங்க, அதனால ராத்திரியே ஸ்டாஃப் எடுத்து சார்ஜ் போட்டுடறது நல்லது.