பி.கே. ரோசியின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சரிபார்ப்பது எப்படி? கேள்வி பதில்

ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்ற மௌனப்படமே மலையாளத்தின் முதல் கதைப்படமாகக் கொள்ளப்படுகிறது. அதில் சரோஜினி என்னும் நாயர் பெண்ணாக நடித்தவர், தலித் சமூகத்தில் பிறந்த பி.கே. ரோசி. அவரைப் பற்றிய செய்திகளில் எவற்றை நம்பலாம் என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். என்னால் பொறுப்பேற்றுச் சொல்லக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): படம் வெளியானதும் கலவரம் ஏற்பட்டு, ரோசி லாரியில் ஏறித் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தார் என்று எங்கும் எழுதுகிறார்கள். இது உண்மையா, ஐயா?

பதில்: இதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. நாயர் பெண்ணாக ஒரு புலையர் பெண் நடித்ததைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையின்மீது கல்லெறிந்தார்கள், பின்னர் அவருடைய வீட்டுக்குத் தீ வைத்தார்கள், அவர் ஒரு லாரியில் தப்பிச் சென்று அந்த லாரி ஓட்டுநரையே மணந்து நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்பன, பல பத்தாண்டுகள் கழித்துத் திரட்டப்பட்ட நினைவுகளின் வழியாக நமக்குக் கிடைத்தவை. டேனியலைத் தேடிக் கண்டு எழுதிய சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனும், ரோசியைப் பற்றித் தொடர்ந்து எழுதிய குன்னுகுழி எஸ். மணியும் இல்லையென்றால் இவற்றில் பாதிகூட நம் கைக்கு வந்திருக்காது. அந்தச் சாட்சியங்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் “தமிழ்நாட்டுக்கு” என்ற சொல் பிழையானது. அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அம்மாநிலம் தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றது 1969இல். ஆகவே ரோசி எந்த மாநில எல்லையையும் கடக்கவில்லை. தம்மை விரட்டிய அதே மன்னராட்சியின் தெற்குக் கோடியில், வேறொரு பெயரில் அவர் வாழ வேண்டியிருந்தது. ஆவணம் தேடுகிறவருக்கும் இது முக்கியம். 1956க்கு முந்தைய நாகர்கோவில் பதிவுகள் திருவிதாங்கூர், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி நிர்வாகத்தில் உருவானவை என்பதால், அவற்றைத் தேடும் வேலையைச் சென்னையில் தொடங்குவது வீண்.

கேள்வி: இணையத்தில் உள்ள நிழற்படம் ரோசியுடையதுதானா?

பதில்: அதன் உண்மைத்தன்மையைப் பலர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். ஒரு நிழற்படத்தைச் சான்றாக ஏற்க வேண்டுமானால், அது யாரிடம் இருந்தது, எந்த இதழில் எப்போது முதலில் வெளிவந்தது, இன்னார் என்று அடையாளம் காட்டியவர் யார் என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். அந்த விடைகளோடு வராத படத்தை நான் என் கட்டுரையில் சேர்ப்பதில்லை. ‘விகதகுமாரன்’ படச்சுருள் தொலைந்துவிட்டதால், திரையில் தோன்றிய முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. 1933ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மற்றொரு மலையாள மௌனப்படத்தின் சுருள் புணே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது வேறு படம், அதன் காட்சிகளை இதனோடு கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: மௌனப்பட நடிகை சுலோச்சனா 2023இல் காலமானார் என்று ஒரு குறிப்பில் படித்தேன்.

பதில்: அவர் சுலோச்சனா லட்கர், மராத்தி, இந்திப் படங்களில் அம்மா வேடங்களுக்குப் பெயர்பெற்றவர். மௌனப்படக் காலத்துச் சுலோச்சனா என்பவர் ரூபி மையர்ஸ். 1907இல் புணேயில் பிறந்து 1983இல் மும்பையில் காலமானார்.

கேள்வி (திரைப்பட வரலாற்று மாணவி): ‘விகதகுமாரன்’ வெளியான நாள் 1928 நவம்பர் 7ஆ, 1930 அக்டோபர் 23ஆ?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. ரோசியின் வாழ்க்கையில் நாள் குறிக்கத்தக்க நிகழ்ச்சி இது ஒன்றுதான். வீடு எரிந்ததும், ஊரைவிட்டுப் போனதும், மணம் புரிந்ததும் இதைக் கொண்டே கணிக்கப்படுகின்றன; இந்த நாள் நகர்ந்தால் அவையனைத்தும் நகரும். நெடுங்காலம் 1928 என்றே எழுதிவந்தார்கள். பின்னர், அக்காலத்துத் துண்டறிக்கையை ஆதாரமாகக் காட்டி 1930 என்ற நாள் முன்வைக்கப்பட்டது. படம் திரையிடப்பட்டபோதே அச்சான தாள் ஒருபுறமும், நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நினைவுகள் மறுபுறமும் இருக்கையில், நான் தாளின் பக்கம் நிற்கிறேன்.

கேள்வி (திருவனந்தபுரம் வாசகர்): ஒப்புக்கொள்ள முடியாது. கேரளத்தில் தலைமுறைகளாக 1928 என்றே சொல்லி வருகிறார்கள், நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் அப்படித்தான் சொல்கின்றன. டேனியல் 1926இலேயே திருவனந்தபுரத்தின் பட்டம் என்ற பகுதியில் படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கிவிட்டார். ஒரு படத்துக்கு நான்கு ஆண்டுகளா?

பதில்: நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்றால் அவை ஒரே சாட்சிதான். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவற்றை எண்ணிக்கை காட்டி நிறுத்தாதீர்கள். எந்தத் தகவலானாலும் இதை முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கேளுங்கள். நிலையம் தொடங்கிய ஆண்டு, அதற்கு முன் படம் வந்திருக்க முடியாது என்பதைத்தான் காட்டும். எப்போது முடிந்தது என்பதைக் காட்டாது. நிலத்தை விற்ற பணத்தில், கதை, இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு அனைத்தையும் தாமே சுமந்த ஒருவர், திரைத்தொழில் இல்லாத ஊரில் ஒரு படத்தை முடிக்க நான்கு ஆண்டுகள் எடுத்தார் என்பதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை.

உங்கள் பக்கம் இருக்கும் வலுவான வாதத்தையும் நானே சொல்கிறேன். துண்டறிக்கை ஒரு காட்சியை அறிவிக்குமே தவிர, அது நடந்தேறியது என்பதற்கு உறுதி தராது. அதனால் அந்நாளையொட்டி வந்த நாளிதழ்களையும் புரட்ட வேண்டும். 1928 நவம்பர் 7 புதன்கிழமை, 1930 அக்டோபர் 23 வியாழக்கிழமை. கையில் கிடைக்கும் எந்தத் தாளிலும் தேதியோடு கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (தக்கலை வாசகர்): கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றியதில் ஏற்பட்ட பிழையாக இருக்கலாமே?

பதில்: நானும் அந்தக் கோணத்தில் பார்த்திருக்கிறேன். கேரளத்து வழக்கான கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் பிறக்கிறது. ஆகையால் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரையான நாள்களுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையான நாள்களுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். இதை மறந்தால் ஓர் ஆண்டு பிசகும். இங்கே உள்ள வேறுபாடோ இரண்டு ஆண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். 1928 நவம்பர் 7 என்பது கொல்லம் 1104 துலாம். 1930 அக்டோபர் 23 என்பது 1106 துலாம். இரண்டும் ஐப்பசியில்தான் விழுகின்றன. “ஐப்பசியில் படம் வந்தது” என்று ஒரு முதியவர் உறுதியாக நினைவுகூர்ந்தாலும் வழக்கு தீராது.

கேள்வி: அந்த நிழற்படம் ரோசிதானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (திருவனந்தபுரம் வாசகர்): அப்படியானால் 1928 என்று எழுதியவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்களா?

பதில்: இல்லை. நினைவு பிசகுவது பொய்யாகாது. மறக்கப்பட்டு வறுமையில் முதுமையைக் கழித்த டேனியலிடமிருந்தும், அவரை அறிந்தவர்களிடமிருந்தும் கேட்டதை அவர்கள் எழுதினார்கள். என் கட்டுரைகளில் 1930 என்று எழுதி, 1928 என்ற மரபையும் அதே வாக்கியத்தில் குறிப்பிடுகிறேன். புதிய தாள் கிடைத்தால் மாற்றுவேன். இவ்விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், பிறர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ரோசி என்பதே கிறிஸ்தவப் பெயர்தானே? அவர் மதம் மாறியவர் என்பதற்கு அதுவே போதாதா?

பதில்: போதாது. குடும்பம் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது வந்த பெயர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். படத்துக்காக டேனியல் வைத்த பெயர் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டாவது கூற்று சரியென்றால் அப்பெயர் அவருடைய சமயத்தைப் பற்றி எதையும் சொல்லாது. திருமுழுக்குப் பதிவேடு போன்ற ஒன்றுதான் இதைத் தீர்க்கும். அதிலும் ரோசி என்று மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம். ரோசம்மா, ராஜம்மா என்ற பெயர்களையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: டேனியல், ரோசியின் கதையைச் சொல்லும் ‘செல்லுலாய்ட்’ படத்தில் வரும் காட்சிகளை மேற்கோள் காட்டலாமா?

பதில்: கூடாது. 2013இல் வந்த அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு நாவலும் இருக்கிறது. ரோசியின் பெயரைப் பலரிடம் கொண்டு சேர்த்த நன்றிக்குரிய படைப்பு அது. ஆனால் புனைவாளர் எழுதிய உரையாடலை ரோசியின் வாய்மொழியாக எடுத்துக்காட்டுவது, தம் குரலில் ஒரு சொல்கூட விட்டுச்செல்ல வாய்ப்பில்லாத பெண்ணுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

கேள்வி: வெளிநாட்டு மௌனப்பட நடிகைகளுக்காவது இந்தக் குழப்பம் இல்லையே?

பதில்: அவர்களுக்குக் குழப்பத்தை விளம்பரத்துறையே உண்டாக்கியது. தீடா பாரா சஹாரா பாலைவனத்தில் பிறந்தவர் என்று 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தி பரப்பினார்கள். அவர் 1885 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்த தியோடோசியா குட்மன். அவர் பெயரில் நிறையத் தாள்கள் இருந்ததால் பொய்யைக் களைய முடிந்தது. ரோசிக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி: நாகர்கோவிலில் அவருடைய வாரிசுகள் எங்கே வசிக்கிறார்கள்? முகவரி கிடைக்குமா?

பதில்: தரமாட்டேன். அவர்களாக முன்வந்து பேசினால் கேட்போம். வாசலில் போய் நிற்கும் உரிமை நமக்கு இல்லை.

கேள்வி: இந்தியாவின் முதல் திரைப்பட நடிகை ரோசியா?

பதில்: இல்லை. 1913இல் ஃபால்கேயின் ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள்.

கேள்வி: கூகுள் 2023 பிப்ரவரி 10 அன்று முகப்பில் வெளியிட்ட ஓவியத்தை நிழற்படச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: ஓவியம் சான்றாகாது. நிழற்படம் பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): மறைந்த ஆண்டு 1988 என்று போடுகிறார்கள். உள்ளூரில் இருக்கும் நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்களால்தான் முடியும், ஐயா. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டதால், 1980களில் நேர்ந்த இறப்புக்குப் பதிவு இருக்க வேண்டும். முறைப்படி உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ராஜம்மாள் என்ற பெயரில், ஓரிரு ஆண்டுகள் முன்னும் பின்னும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அந்தப் பெயர் அவ்வூரில் பலருக்கு உண்டு என்பதால், கணவர் பெயரும் வயதும் பொருந்தாத பதிவை அவருடையது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கிடைத்தால் பதிவு எண்ணையும் பதிவு செய்த தேதியையும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.