ஆணே இல்லாத தொட்டியில் குட்டி எப்படி?

கேள்வி: நான்கு பெண் கப்பி மீன்களை மட்டும் வாங்கித் தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன். ஆணே கிடையாது. போன மாதமும் குட்டி போட்டன, இந்த மாதமும் போட்டிருக்கின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, திருச்சி

பதில்: ஏமாற்றவில்லை. கப்பிப் பெண் ஒருமுறை இணைந்துவிட்டால் ஆணின் விந்தை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதைக்கொண்டே அடுத்தடுத்து ஈனும். கடைகளில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே தொட்டியில்தான் கிடக்கின்றன. அங்கிருந்து வாங்கும் வளர்ந்த பெண்ணை ஏற்கெனவே சினைப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த ஆணோடு சேர்த்து நிறம் எடுக்க வேண்டுமென்றால், உங்கள் தொட்டியில் பிறந்த குட்டிகளிலிருந்தே பெண்ணைப் பிரித்தாக வேண்டும். மூன்று வாரம் ஆனதும் பார்க்கத் தொடங்குங்கள். குட்டியைக் கண்ணாடி டம்ளரில் விட்டு, பின்னால் விளக்கை வைத்து, பக்கவாட்டில் லென்ஸ் வழியாகப் பாருங்கள். நிறத்தையும் வாலையும் விடுங்கள், வயிற்றுக்கு அடியில் குதத்துடுப்பை மட்டும் கவனியுங்கள். முதலில் எல்லாக் குட்டிக்கும் அது முக்கோணமாகவே இருக்கும். ஆணுக்கு அதன் 3, 4, 5ஆம் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய முட்கள்) தடித்து நீண்டு, துடுப்பு ஒடுங்கி, பின்னோக்கிப் படிந்த குச்சி போலாகும். இதைக்கொண்டுதான் அது விந்தைச் செலுத்துகிறது. பெண்ணுக்கு விசிறியாகவே நிற்கும். துடுப்புக்குச் சற்று மேலே ஒரு கருநிழலும் தெரியும். கறுப்பு மோலி மீனில் அந்த நிழல் தெரியாது, துடுப்பு ஒன்றே அடையாளம்.

வாரம் இரண்டு முறை பாருங்கள். பெண்கள் நடுவில் ஓர் ஆண் தப்பி நின்றாலும் அத்தனை உழைப்பும் வீண்.

கேள்வி: பெண் ஸ்வார்டுடெயில் மீன் ஒன்றுக்கு எட்டாம் மாதம் வாள் (ஆணின் வாலடியில் நீளும் முனை) முளைத்துவிட்டது. பெண் ஆணாக மாறுமா?
– வாசகர், சேலம்

பதில்: அது முதலிலிருந்தே ஆணாக இருந்திருக்கும். ஸ்வார்டுடெயிலில் சில ஆண்கள் சீக்கிரமே பருவத்துக்கு வந்து சிறியதாக நின்றுவிடும். சில மாதக்கணக்கில் பெண் போலவே பெருத்து, பிறகுதான் வாள் விடும். தாமதமாக வாள்விடும் பெரிய ஆணைக் கழித்துவிடாதீர்கள், இனப்பெருக்கத்துக்கு அதுதான் அருமையான மீன்.

கேள்வி: பிளாட்டி மீன் குட்டி போட்ட மறுநாள் பார்த்தால் நாலைந்துதான் மிஞ்சுகின்றன. வலைப்பெட்டியில் விட்டால் தாயே செத்துப்போகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வலைப்பெட்டி வேண்டாம். நெருக்கடியில் தாய் மிரண்டு பிரசவத்தையே தள்ளிப்போடும். முப்பது லிட்டர் தொட்டியில் பாதி இடத்துக்கு ஜாவா பாசியையோ வேலம்பாசியையோ நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள். மோட்டார் ஃபில்டர் குட்டிகளை உறிஞ்சிவிடும். வயிறு பெட்டி போலச் சதுரமாகித் தாய் மூலையில் ஒதுங்கும்போது இங்கே மாற்றி, ஈன்றதும், குட்டிகளைத் தின்றுவிடாமல், தாயை வெளியே எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்குக் குட்டிகளின் இரையாக ஆர்ட்டீமியாவுக்கு (உப்புநீரில் வாழும் சிற்றிறால் போன்ற உயிரி) நிகர் இல்லை. ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து காற்று, மேலே விளக்கு. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும். அடியில் வெளிச்சத்தைக் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே கூடும். குழாயால் அவற்றை மட்டும் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல நீரில் அலசி உடனே போடுங்கள். பொரித்து வைத்திருந்தால் தன் சத்தைத் தானே கரைத்துவிடும். அவித்த முட்டை மஞ்சள் கருவும் போடலாம்தான். ஆனால் சிறு துளி அதிகமானாலும் நீர் புளித்து, விடிவதற்குள் மொத்தக் குட்டியும் போய்விடும்.

கேள்வி: சுத்தமான ஆர்ஓ நீர்தான் ஊற்றுகிறேன். மோலி நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: கோளாறே அந்த நீர்தான். மோலிக்குக் கடின நீர் வேண்டும். ஆர்ஓவில் அந்தக் கடினத்தன்மையைத் தரும் கால்சியமும் மக்னீசியமும் போய்விடுகின்றன. உப்புப் போட்டாலும் கடினத்தன்மை ஏறாது. போர்வெல் நீர் கடினமாக இருந்தால் தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்றி இரண்டு வாரத்தில் பழக்குங்கள். ஒரேயடியாக மாற்றினால் தாங்காது. ஃபில்டரில் ஒரு பிடி கழுவிய சிப்பி ஓடும் போட்டுவையுங்கள்.