ஆம்ப் வாங்கும் முன்: செங்கோட்டை அண்ணாச்சியிடம் கேள்வி பதில்

சிக்னலைத் தேர்ந்து சரிப்படுத்துற ப்ரீ ஆம்பும் (ஆம்ப்னா ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்பும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிற இன்டகிரேட்டட் ஆம்ப் பத்தி மட்டும் கேளுங்க. கார் செட், கோயில் மைக்செட்டுக்கு வேற ஆள் இருக்காங்க. வாட்ஸ் கேள்விக்கு ஒரு தடவைதான் பதில்.

கடையநல்லூர்: அண்ணாச்சி, 12க்கு 14 ஹால். எத்தனை வாட்ஸ் வேணும்?

ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. 87 டெசிபல்னு போட்டிருந்தா, 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும். அதுவே பேச்சுக் குரலை அமுக்கிடும். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட்ஸை இரட்டிக்கணும். 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் வித்தியாசம் அந்த 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காத் தெரியணும்னா சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேணும். 1978-ல் வந்த நாட் (NAD) கம்பெனியோட 3020 ஆம்ப் சேனலுக்கு 20 வாட்ஸ்தான். அதுக்கு இன்னிக்கும் ஆள் இருக்கு.

உங்க ஹாலுக்கு நேர்மையான 40 போதும். நேர்மையானதுன்னா 8 ஓம் (ஸ்பீக்கரோட மின்தடை), இரண்டு சேனலும் ஒரே நேரத்துல ஓடணும், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, 0.1 சதவீதத்துக்குள்ள. '1 கிலோ ஹெர்ட்ஸ், 10 சதவீதம்'னு பொடி எழுத்துல இருந்தா அந்த எண்ணை மறந்துடுங்க. 8 ஓம்ல 50 தர்ற ஆம்ப் 4 ஓம்ல 80, 90 தந்தா பவர் சப்ளை தாட்டியமா இருக்குன்னு அர்த்தம்.

புனலூர்: பக்கத்து வீட்டுக்காரர் சவுதியிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப். 8,000 கேக்குறார். எப்படிப் பார்த்து வாங்குறது?

இது நல்ல கேள்வி. பிளக்கைச் சொருகும் முன்னாடி பின்பக்கத் தகட்டைப் படிங்க. சவுதியில முன்னாடி 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஓடின வீடுகள் உண்டு. வோல்டேஜ் மாத்துற செலக்டர் 120-ல நிக்கும்போது நம்ம 230-ஐக் கொடுத்தா புகைதான் வரும். 100 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா அது ஜப்பான் உள்நாட்டு மாடல், வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாம ஆகாது.

அடுத்து, ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணுங்க. சில விநாடியில ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற காவல் சுவிட்ச்) 'டிக்'குன்னு விழணும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வெச்சு ஸ்பீக்கர் டெர்மினலைத் தொடுங்க. 50-க்குள்ள இருந்தா சரி. 100-ஐத் தாண்டினா வேலை இருக்கு. வோல்ட் கணக்குல காட்டினா உங்க ஸ்பீக்கர் காயில் கருகும்.

அப்புறம் போனா போகுதுன்னு ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி வால்யூமைத் திருகுங்க. கரகரன்னா கிளீனர் அடிச்சா போயிடும். சத்தம் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி வந்தா கண்ட்ரோல் தேய்ஞ்சிருக்கு, விலையைக் குறைங்க. ஒரு மணி நேரம் ஓடின பிறகு ஹீட் சிங்க்கை (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) தொட்டா இரண்டு பக்கமும் ஒரே சூடு இருக்கணும்.

கடைசியா மூடி. பிளக்கைக் கழட்டி நல்லாப் பொறுத்துத் திறங்க; பெரிய கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும். கெப்பாசிட்டரோட தலை உப்பியிருக்கான்னு பாருங்க. நம்ம பக்கத்து ஆம்ப்ல பல்லி முட்டையும், டிரான்சிஸ்டர் கால்ல காய்ஞ்சு ஒட்டின பல்லியும் சகஜம். ஷார்ட் ஆகலைன்னா பல்லியை எடுத்துட்டா ஆம்ப் ஓடும். அது ஷார்ட் பண்ணின போர்டு ஓடாது.

வாங்கின பிறகு ஒண்ணு: துலாமழை (ஐப்பசி மழை) இடி கேட்டா பிளக்கைக் கழட்டுங்க. சுவிட்ச் ஆஃப் பண்றது காணாது.

புளியரை: ஆம்ப் சும்மா இருந்தாலும் 'ஙொய்'ங்குது.

செட்டாப் பாக்ஸ் இணைச்சிருக்கீங்களா? அதோட கேபிள் வயரைப் பிடுங்குங்க. சத்தம் நின்னா கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு வழியா எர்த் சேர்ந்து வர்ற இரைச்சல். கேபிள்ல அந்த எர்த் தொடர்பைப் பிரிக்கிற ஐசொலேட்டர் போடுங்க. எர்த் பின்னை மட்டும் ஒடிச்சுடாதீங்க, ஷாக் அடிக்கும். இடிக்கு அந்தக் கேபிளையும் கழட்டணும்.

தென்காசி: 3,500 ரூபாய்க்கு 200 வாட்ஸ் அசெம்பிள்ட் ஆம்ப். ஓகேவா?

திறந்து ஐ.சி. நம்பரைப் படிங்க. எல்.ஏ. 4440 இருந்தா ஸ்டீரியோவுல அது 6+6 வாட்ஸ். மீதி 188 ஸ்டிக்கர்ல இருக்கு.

கொழிஞ்சாம்பாறை: வாட்ஸ், ஓம்னே பேசுறீங்க. என்கிட்ட இரண்டு ஆம்ப் இருக்கு. ஒண்ணுல நாதஸ்வரம் இதமா வருது, இன்னொண்ணுல காதைக் குத்துது. அளவுல எல்லாம் ஒண்ணுதான்!

இரண்டையும் ஒரே சத்தத்துல வெச்சுக் கேட்டீங்களா?

கொழிஞ்சாம்பாறை: காதாலதான் சமப்படுத்தினேன்.

அங்கேதான் தப்பு. அரை டெசிபல் கூட இருந்தாலே அது 'உயிரோட்டமா' தோணும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு டெர்மினல்ல ஏசி வோல்ட் அளந்து, இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாங்க. எது ஓடுதுன்னு தெரியாம வீட்ல ஒருத்தர் மாத்தி மாத்திப் போடட்டும். அமெரிக்காவுல ரிச்சர்ட் கிளார்க் இப்படிச் சமப்படுத்திவிட்டு, பிரிச்சுச் சொன்னா 10,000 டாலர்னு பந்தயம் வெச்சார். யாரும் ஜெயிக்கலை.

கொல்லம்: ஆனா செண்டைமேளம் வெச்சா என் பழைய ஆம்ப் திணறுதே, புதுசு திணறலையே?

அது கிளிப்பிங். அடி விழுற அந்தக் கணத்துல சராசரியைவிடப் பத்து மடங்குக்கு மேல பவர் கேக்கும். இல்லாத ஆம்ப் அலையோட தலையை வெட்டிடும். ஆம்புகளுக்கு நடுவுல நிஜமா கேக்குற வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

கொழிஞ்சாம்பாறை: அப்ப 60,000 ரூபாய் ஆம்ப் வாங்குறவன் முட்டாளா?

நான் அப்படிச் சொல்லலை. 4 ஓம் ஸ்பீக்கரைத் தாங்குறது, நல்ல போனோ ஸ்டேஜ் (ரெக்கார்டு பிளேயர் சிக்னலைத் தூக்குற பகுதி), ரிமோட், பத்து வருஷம் கழிச்சும் பார்ட்ஸ் கிடைக்கிறது, இதுக்கெல்லாம் காசு கொடுக்கலாம். 'இதத்துக்கு' கொடுக்கணும்னா ஸ்பீக்கருக்குக் கொடுங்க.

ஆரியங்காவு: ரெக்கார்டு பிளேயர் மாட்டணும், போனோ இன்புட் போதுமா?

ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகைன்னா போதும். மூவிங் காயில்னா சிக்னல் ரொம்ப மெலிசு, அதுக்குன்னு தனி செட்டிங் வேணும்.

சுரண்டை: அண்ணாச்சி, 10க்கு 10 ரூமுக்கு எத்தனை வாட்ஸ்?

மேல படிங்க.

பாவூர்சத்திரம்: 5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்து உச்ச வாட்ஸ் கணக்கு)ன்னு...

மேல. படிங்க.

புனலூர்: செலக்டர் 240-ல இருக்கு அண்ணாச்சி, 6,000-க்கு இறங்கிட்டார்.

டிசி எவ்வளவு காட்டுச்சு? அதைச் சொல்லாம காசை எடுக்காதீங்க.