வண்டிக்குதிரை: கேள்வி பதில்

பழனியில் ஜட்கா ஓட்டுகிறேன். குதிரை காலையிலிருந்து முன்காலால் தரையைச் சுரண்டுகிறது, வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. லத்தி (சாணி) போடவில்லை. விளக்கெண்ணெய் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். முதலில் கால்நடை டாக்டருக்குப் போன் போடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே அடைத்தால் இரைப்பை உப்பி வெடித்தே போகலாம். மூங்கில் குழாயைச் சொருகி எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார். அவர் வரும்வரை தீனியை எடுத்துவிடுங்கள். தாடையெலும்பின் அடிவிளிம்பில் விரல் வைத்தால் நாடி உருளும். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 இருக்கணும். 60 தாண்டினால் போனிலேயே சொல்லிவிடுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரணும்.

கொடைக்கானலில் சவாரிக் குதிரை வைத்திருக்கிறேன். லாடம் தேயவே இல்லை, அப்படியே விடலாமா?

லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளரும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி அடியுங்கள்.

முள் கடிவாளம் போட்டால்தான் என் குதிரை நிற்கிறது.

வண்டி இழுக்கிற, பொதி சுமக்கிற விலங்குகளை வதைக்காமல் காக்கும் 1965 விதிப்படியே அது குற்றம். கையைத் தளர்த்திப் பழகுங்கள்.

பந்தயத்தில் எந்தக் குதிரை...

எனக்குத் தெரியாது.

வெயிலில் ஓடி வந்ததும் தண்ணீர் காட்டலாமா?

தாராளமாக. வாளியை வைத்துவிட்டுக் காதைப் பாருங்கள், ஒவ்வொரு மடக்குக்கும் காது ஆடும். எவ்வளவு குடித்தது என்று எண்ணியே சொல்லலாம்.

தப்பு ஐயா. வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிறு பிடிக்கும் என்பார் என் தாத்தா. மூன்று தலைமுறையாக வண்டி ஓட்டுகிறோம்.

தாத்தா சொன்னதில் பாதி சரி. வியர்வை அடங்குமுன் கொள்ளு வைக்கக் கூடாது. தண்ணீர் விஷயம் வேறு. குதிரை வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் உடம்பு வறண்டாலும் அதற்குத் தாகம் தெரியாது. இறங்கியதும் குடிக்கிறேன் என்று நிற்கிற குதிரைக்கு ஒரு மணி நேரம் கழித்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் லத்தி கல்லாகும். முதல் கேள்வியில் வந்த வயிற்றுவலிக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ மேலே பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வராதா?

வராது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், அந்தப் புழுக்கத்தில், குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் குதிரைகளின் சூட்டைத் தணித்தார்கள். கழுத்திலிருந்து தொடைவரை ஊற்றுங்கள், நடத்துங்கள், மறுபடி ஊற்றுங்கள்.

ஒலிம்பிக் குதிரையும் எங்கள் மட்டக்குதிரையும் ஒன்றா?

வியர்ப்பதில் ஒன்றுதான். உங்களுடையது ஆளேற்றிக்கொண்டு தார் ரோட்டில் ஓடுகிறது, அவ்வளவே வித்தியாசம். அதையும் சொல்லிவிடுகிறேன்: வெயில் 37 டிகிரிக்கு மேல் போனால் பகல் 12 முதல் 3 மணிவரை வண்டி பூட்டக் கூடாது, ஓட்டுபவர் தவிர 4 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. இதுவும் அதே 1965 விதிதான்.

வயிறு உப்புசத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கடுகெண்ணெய்?

எந்த எண்ணெயும் வேண்டாம்!

ஐயா, தாத்தா பேச்சுக்காக ஐந்து நிமிஷம் நடக்கவிட்டுத் தண்ணீர் காட்டட்டுமா?

காட்டுங்கள். வாளியும் கூடவே நடக்கட்டும்.