கட்டைவிரல் நாற்பது, மண்வெட்டி நான்கு
ஏரி, தூண்டில், சங்கம்: வாசகர் கேள்விகளுக்கு எங்கள் குழுவின் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊர்த் தூண்டில் சங்கத்தில் 60 உறுப்பினர்கள். மீன் பிடிக்கும் நாளென்றால் போட்டி போட்டு வருகிறார்கள். ஏரிக்கரையைச் சுத்தம் செய்யலாம் என்று வாட்ஸ்அப்பில் போட்டால் 40 பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஞாயிறு காலை வந்து நிற்பது நான்கு பேர். அந்த நால்வரும் இப்போது சலித்துக்கொள்கிறார்கள். (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: கட்டைவிரலுக்கு ‘வருகிறேன்’ என்று அர்த்தம் இல்லை, ‘பார்த்துவிட்டேன்’ என்றுதான் அர்த்தம். ‘அனைவரும் திரளாக வாரீர்’ என்பது கல்யாணப் பத்திரிகையைத் தெருமுனையில் ஒட்டுவது மாதிரி. யாரையும் அழைத்ததாக ஆகாது.

போனில் கூப்பிடுங்கள். அதுவும் அறுபது பேரையும் அல்ல. வருகிற நால்வரும் ஆளுக்கு இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டால் போதும். கேட்கும் விதம் முக்கியம். “ஞாயித்துக்கிழமை காலைல ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும். மதகுக்குக் கிழக்கே நூறு மீட்டர்தான். உங்க டெம்போவுல பத்து மூட்டை ஏத்தணும், வர முடியுமாண்ணே?” இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஏன் அவரைக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. ‘சேவை செய்ய வாங்க’ என்றால் தப்பிக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். டெம்போவைக் கேட்டால் உண்டு, இல்லை என்று ஏதாவது ஒரு பதில் வரும்.

எட்டரை என்று சொன்னால் எட்டரைக்கே முடியுங்கள், பாதி வேலை கிடந்தாலும் சரி. ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று பத்து மணி வரை இழுத்தால் அடுத்த மாதம் அவர் போனையே எடுக்க மாட்டார். புதியவர்கள் இரண்டாம் தடவை வராமல் போவதற்கு வெயிலைவிட இதுதான் பெரிய காரணம்.

வராதவருக்கு 100 ரூபாய் அபராதம் என்று சில சங்கங்களில் தீர்மானம் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். பணத்தைக் கட்டியதும் கடமை முடிந்துவிட்டதாக மனசு ஆறிவிடும். உண்டியல் நிறையும், குப்பை கரையிலேயே கிடக்கும். அதற்குப் பதிலாக, வேலை முடிந்த கையோடு அதே கரையில் தூண்டில் போட்டி வையுங்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை. மதகடி இடத்துக்காக ஆள் எழுந்து வருவார்.

அந்த நால்வருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு கொடுங்கள். அந்த மாதம் வேறு ஒருவர் பொறுப்பு. கொஞ்சம் சொதப்பட்டும், பரவாயில்லை.

கேள்வி: செலவு குறைவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முதல் வேலை ஒன்று சொல்லுங்கள். (திண்டுக்கல்)

பதில்: அறுந்த தூண்டில் நரம்பு சேகரிக்கும் குழாய். தூண்டில்காரர்கள் வெட்டி எறியும் தங்கூசி (நைலான்) நரம்பு மக்காது. நீர்க்காகம், கொக்கு, முக்குளிப்பான் கால்களில் சுற்றி இறுகும்.

வேண்டியவை: 4 அங்குல பி.வி.சி. குழாய் 2 அடி, 90 டிகிரி எல்போ ஒன்று, மரை போட்ட அடிமூடி ஒன்று, இரும்புக் கிளாம்ப் இரண்டு. எல்போவை மேல்முனையில் பசை போட்டு ஒட்டுங்கள். மழை நேராக உள்ளே விழாது, பறவையும் கூடு கட்டாது. கீழே மரைத் துண்டை ஒட்டி, மூடியைத் திருகி மட்டும் வையுங்கள். பிளம்பர் பழக்கதோஷத்தில் மூடிக்கும் பசை தடவிவிடுவார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் காலி செய்ய வழியில்லை. மூடியில் 5 மி.மீ. துளை நான்கைந்து போட மறந்தால் மழைநீர் தங்கி, குழாய் கொசுப் பண்ணையாகிவிடும்.

நெஞ்சுயரத்தில் கம்பத்தில் பொருத்துங்கள், மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். சங்கப் பலகை பளிச்சென்று தெரியும் நுழைவாயிலில் வைத்தால் ஒருவரும் போட மாட்டார்கள். நரம்பு மாற்றிக் கட்ட ஆட்கள் உட்காரும் இடமே சரி. மதகுத் திட்டு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), டீக்கடை நிழல் போன்றவை. ‘முள்ளும் ஈயக்குண்டும் போடாதீர்’ என்று எழுதி வையுங்கள், காலி செய்பவர் விரலில் முள் ஏறும். ஒரு குழாய்க்கு ஓர் உறுப்பினர் பொறுப்பு, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதோடு சரி. ‘எனக்கு நேரமே இல்லை’ என்பவரிடம் முதலில் இதைக் கொடுங்கள்.

கேள்வி: எண்பது பேர் சேர்ந்து ஒரே ஞாயிறில் ஆகாயத்தாமரையை அகற்றினோம். பத்திரிகையில் படம் வந்தது. இரண்டே மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. எங்கே தவறு? (செங்கல்பட்டு)

பதில்: எண்பது பேர் ஒரே நாளில் வந்ததில்தான். அகற்றுவது பாதி வேலை, மீதிப் பாதி திரும்பத் திரும்ப வருவது. அறுந்த ஓடுதண்டுத் துண்டு ஒவ்வொன்றும் புதுச்செடியாகும். நல்ல வெயிலும் சத்தான தண்ணீரும் கிடைத்தால் சுமார் இரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகும். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

ஏரி முழுவதும் மேய வேண்டாம். காற்று செடியை ஒதுக்கும் கரையில் 20 மீட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி 20 லிட்டர் கேன்களைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு அந்தப் பகுதியைத் தடுத்துவிட்டு, ஒரு செடி மிச்சமில்லாமல் எடுங்கள். செடியின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். சாக்கில் கட்டித் தூக்கினால் இடுப்பு போய்விடும். தார்ப்பாயில் போட்டு இருவர் இழுக்கலாம். குவியலைத் தண்ணீர் ஓரம் விட்டால் முதல் மழை அதை அப்படியே உள்ளே தள்ளும். ஏரி நிரம்பினாலும் நீர் தொடாத உயரத்துக்குக் கொண்டுபோய், வெயிலில் பரப்பி, ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் போடுங்கள்.

பிறகு 2, 4, 6 ஆம் வாரங்களில் ஐந்து பேர், அரை மணி நேரம். கைப்பிடி அளவுச் செடிகளைப் பொறுக்கினால் போதும். எண்பது பேரையும் ஐந்தைந்தாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு குழு என்று பட்டியல் போட்டால் ஏழு மாதத்துக்கு மேல் ஆள் இருக்கிறது! ஆனால் வரத்துக்கால்வாயில் சாக்கடை கலந்துகொண்டிருந்தால் செடிக்கு நீங்கள் தினமும் உரம் போடுவதாகத்தான் கணக்கு. சாக்கடையை நிறுத்தக் கோரும் மனுவையும் கூடவே எழுதுங்கள்.

குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள், கண்ணாடி விரியன் படுத்திருக்கும். கம்பால் தட்டிவிட்டு, ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டு இறங்குங்கள். காலில் புண் இருப்பவர் கரை வேலை பார்க்கட்டும். ஏரியில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தண்ணீரில் நின்றதைச் சொல்ல வேண்டும், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மண் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. மூங்கிலால் ஆழம் பார்க்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் உறுப்பினர் ஒருவர் சேவையாக 5,000 மீன் குஞ்சு வாங்கி ஏரியில் விடத் தயார் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

பதில்: கூடாது. நல்ல மனசோடு விட்ட மீன்களால்தான் பாதிக் கேடு. ஜிலேபி கெண்டை 1952இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குட்டையைத் தேட வேண்டும். ஆப்பிரிக்கத் தேளி (கெளுத்தி வகை மீன்) வளர்ப்புக்கு 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தும் ஏரிகளில் அது இருக்கிறது. மீன் குஞ்சு விடுவது மீன்வளத்துறை முடிவு செய்ய வேண்டிய காரியம்.

அவருக்கு வேறு வேலை உண்டு. விரால் குஞ்சுகள் செந்நிறமாக, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு நீர்மட்டத்தில் கொத்தாக நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் பெற்றோர் காவல் நிற்கும், கிட்டே எது வந்தாலும் பாயும். தவளையைக் கட்டித் தூண்டில் போட்டால் சுலபமாகச் சிக்கும். சிக்கினால் காவல் போயிற்று, குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும். அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலை நட்டு, குஞ்சுகள் பிரியும்வரை யாரும் அங்கே தூண்டில் போடாமல் பார்த்துக்கொள்ளட்டும். 5,000 குஞ்சு வாங்கும் காசு மிச்சம்.

கேள்வி: அனுமதி யாரிடம் வாங்குவது? (மதுரை)

பதில்: பெரிய ஏரி என்றால் நீர்வளத்துறைப் பொறியாளர், சிறியது என்றால் ஊராட்சி அல்லது ஒன்றிய அலுவலகம். எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்தவரைப் பாருங்கள். ஏலத்தில் பணம் கட்டியவர் அவர். உங்கள் தார்ப்பாய் அவர் வலையைக் கிழித்தால் சங்கம் அன்றோடு சரி.

கேள்வி: எனக்கு 71 வயது, மூட்டுவலி. குனிய முடியாது. சந்தா கட்டுவதோடு நிற்க மனசில்லை. (காரைக்குடி)

பதில்: தண்ணீர்த் தெளிவு அளக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. 20 செ.மீ. விட்டமுள்ள தகரத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் கயிறு, அடியில் கனமான போல்ட். கயிற்றில் 10 செ.மீட்டருக்கு ஒரு முடிச்சு. மதகுத் திட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இறக்கலாம். தட்டு மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். வாரம் ஒருமுறை, பகல் பத்திலிருந்து இரண்டுக்குள், எப்போதும் ஒரே இடத்தில்.

நீர் பச்சையாகி அளவு 20 செ.மீட்டருக்குக் கீழே இறங்கினால், விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கக்கூடும். அந்த வாரம், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடும் போட்டியைத் தள்ளிவைக்கும்படி செயலாளரிடம் சொல்லுங்கள். உங்கள் நோட்டைக் காட்டிச் சொன்னால் மறுபேச்சு இருக்காது. நோட்டில் பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் ஒரு வருடக் கணக்கும் கரைந்துவிடும்.